துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் ஸ்டார் ட்ரெக்கரை எப்படி நேர்ப்படுத்துவது?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கிறேன். ஸ்டார் ட்ரெக்கர் (நட்சத்திரங்களின் ஓட்டத்தோடு கமராவை மெதுவாகச் சுழற்றும் கருவி) வைத்துப் படமெடுக்கிறேன்; அதன் அச்சைத் துருவ நட்சத்திரப் பக்கம் நேர்ப்படுத்த வேண்டும். ஆனால் நம் இலங்கையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 7 பாகையில்தானே நிற்கும்; எங்கள் லயத்துக்கு வடக்கே உள்ள தேயிலை மலை அதை முழுசாக மறைத்துவிடுகிறது. மலை விட்டாலும் மூடுபனி விடாது!

போன் திசைகாட்டியில் வடக்கைப் பிடித்து, ட்ரெக்கரின் சாய்வை 7 பாகைக்கு வைத்தேன். 24 மி.மீ. லென்ஸில் 1 நிமிடம் பரவாயில்லை. 135 மி.மீ. லென்ஸில் 30 விநாடிக்கே நட்சத்திரங்கள் கோடாகின்றன. பக்கத்திலுள்ள இரும்பு, போன் திசைகாட்டியைக் குழப்புகிறதோ என்று சந்தேகம்.

உச்சிக்கோட்டருகே (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கற்பனைக் கோடு) ஒரு நட்சத்திரம் வடக்கே தெற்கே நகர்கிறதா என்று பார்த்துத் திருத்தும் டிரிப்ட் முறையை, கமராத் திரையை மட்டும் வைத்து யாராவது செய்திருக்கிறீர்களா? எத்தனை நிமிடம் பார்க்க வேண்டும்? நட்சத்திரம் தெற்கே நழுவினால் ட்ரெக்கரை எந்தப் பக்கம் திருப்புவது? இந்தப் பருவம் முடிவதற்குள் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைப் படமெடுத்துவிட ஆசை.