பூட்டனாரின் செத்தவீட்டுப் படம்: இறந்த ஆண்டைக் கண்டறிவது எப்படி?

கேள்வி (புதுக்குடியிருப்பு)

அனைவருக்கும் வணக்கம். 2009 இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பப் படங்கள் இருந்த றங்குப்பெட்டியை வழியில் விட்டுவிட்டே நடந்தோம். அண்மையில், கனடாவில் வசிக்கும் பெரியம்மா தம்மிடமிருந்த ஒரு படத்தைக் கைபேசியில் அனுப்பியிருக்கிறார். முள்ளியவளையில் எங்கள் பழைய வீட்டு முற்றத்தில், வெள்ளை கட்டிய பந்தலின் கீழ், என் பூட்டனாரின் பிரேதப் பெட்டி வாங்கில் வைக்கப்பட்டிருக்க, அதைச் சுற்றி இருபத்தைந்து பேருக்கு மேல் நிற்கிறார்கள். அவர்களில் நால்வரை மட்டுமே என் அம்மாவால் அடையாளம் காட்ட முடிகிறது. இறந்த ஆண்டும் தெரியவில்லை. ஆடி மாத அபரபக்க (தேய்பிறை) ஏகாதசியில் திவசம் கொடுப்பது மட்டும் இன்றுவரை தொடர்கிறது. பத்திரிகையில் மரண அறிவித்தல் வந்திருந்தால் உறவுமுறைகள் துலங்கும் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி (வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தம்பி, பத்திரிகைக்குப் போகுமுன் படத்தையே ஆறுதலாகப் பாருங்கள். எங்கள் செத்தவீட்டுப் படங்களில் ஆட்கள் கண்டபடி நிற்பதில்லை. நெய்ப்பந்தம் பிடித்திருக்கும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள். தலைமாட்டில் தர்ப்பை மோதிரத்துடன் நிற்பவர் கொள்ளி வைக்கும் மகன், இறந்தவர் தகப்பன் என்றால் பெரும்பாலும் மூத்தவர். பந்தம் பிடித்த பிள்ளைகளில் ஒருவர் இன்று உயிரோடிருந்தால், அவருடைய அப்போதைய வயதே உங்களுக்கு ஆண்டைச் சொல்லிவிடும்.

அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியைக்கு) அச்சிட்ட கல்வெட்டு, அதாவது நினைவு மலர், உறவினர் எவரிடமாவது கிடக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதிலுள்ள, இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் தமிழ் வருடத்தின் பெயர் இருக்கும். அப்பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவதால், ஆளின் வயதோடு சேர்த்துப் பார்த்தால் குழப்பம் வராது.

பத்திரிகை என்றால் 1930 இல் தொடங்கிய வீரகேசரியும், 1959 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடும் முதலில் பார்க்க வேண்டியவை. ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஈழநாட்டின் பல இதழ்கள் உள்ளன. அங்கே இல்லாதவற்றுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பழைய பக்கங்கள் படமாகவே இருப்பதால், பெயரை அடித்துத் தேடுவதைவிட நாள்வாரியாகப் புரட்டுவதே கைகொடுக்கும். ஆகவே மாதமாவது தெரியாமல் இறங்காதீர்கள், கண்தான் கெடும். முல்லைத்தீவு 1978 இல்தான் தனி மாவட்டமானது என்பதால், அதற்கு முந்திய செய்திகளில் முள்ளியவளை வவுனியா மாவட்டத்தில் இருக்கும்.

அறிவித்தல் கிடைத்தால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் எந்தெந்தப் பெயருக்கு முன் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் யார் யார் இருந்தார்கள், யார் யார் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் அக்காலத்தில் வானொலியில் மட்டும் அறிவித்தல் கொடுத்துவிட்டு இருந்தவர்களும் உண்டு; அப்படியானால் அச்சில் ஒன்றும் அகப்படாது.

மறுமொழி (கிளிநொச்சி)

பெரியம்மாவிடம் படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ரூடியோவின் றப்பர் முத்திரை, பென்சிலால் எழுதிய இலக்கம், சிலவேளை திகதிகூட அங்கேதான் இருக்கும். படம் சட்டகத்தின் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். கண்ணாடியோடே ஸ்கான் செய்யலாம், 600 டிபிஐ இருந்தால் முகங்களைப் பெருப்பித்துப் பார்க்கப் போதும். பாதுகாப்பு என்று நினைத்து லமினேற் மட்டும் செய்துவிடாதீர்கள். என் அம்மம்மாவின் ஒரேயொரு படத்தை நான் அப்படிக் கொடுத்து, சூட்டில் அவருடைய முகம் இருந்த இடமே குமிழி கட்டிப்போனது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பந்தம் பிடித்திருப்பவர்களில் இடது ஓரத்திலுள்ள சிறுமி பெரியம்மாவேதான்! புயலில் கூரை போய், வீட்டைப் புதுக் கிடுகால் வேய்ந்தபின் வந்த முதல் ஆடியில் பூட்டனார் இறந்தார் என்று அவர் சொல்கிறார். படத்திலும் கிடுகு புதிதாகவே தெரிகிறது. பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

மறுமொழி (வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

அவர் சொல்வது 1964 டிசெம்பர் 22 ஆம் திகதிப் புயலாக இருந்தால், அடுத்த ஆடி 1965 இல், விசுவாவசு வருடத்தில் வருகிறது. அவ்வாண்டு ஆடி அமாவாசை ஜூலை 28 இல் வந்தது; அபரபக்க ஏகாதசி அதற்கு நான்கு நாள் முன்னர், அதாவது 24 ஐ ஒட்டி விழும். எனவே ஜூலை 24 முதல் மாத முடிவு வரையான இதழ்களில் மரண அறிவித்தலைத் தேடுங்கள். அதில் அகப்படாவிட்டால் ஓகஸ்ட் கடைசிக் கிழமையைப் பாருங்கள். முப்பத்தோராம் நாளை ஒட்டிய நன்றி நவிலல் அப்போது வந்திருக்கலாம்.