ஸ்பைடருக்குத் தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் கையேட்டுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்தது. வாய்ஸ் காயில் ஒலிச்சுருள், டஸ்ட் கேப் தூசுமூடி, ஃபிரேம் சட்டகம். ஸ்பைடர் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. வந்து சேர்ந்தவை மூன்று: சிலந்தி, தாங்கி, தணிப்பான்.

உறுப்பைக் கண்ணால் பார்க்காதவர்களுக்காக: ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பின் கழுத்துக்குப் பின்னால், காந்தத்துக்குச் சற்று மேலே, அப்பளம் போல வட்டமாக, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் ஒரு துணி இருக்கும். பருத்தித் துணியில் பினாலிக் பிசினை ஊறவைத்துச் சூடான அச்சில் அழுத்தி, வளையம் வளையமாக மடிப்பு விழச் செய்தது. உள் ஓரம் ஒலிச்சுருள் சுற்றிய பாபினில் ஒட்டியிருக்கும், வெளி ஓரம் சட்டகத்தில். சுருள் முன்னும் பின்னும் போகலாம், பக்கவாட்டில் சாயக் கூடாது. போனது பழைய இடத்துக்கே திரும்பவும் வேண்டும். இரண்டு வேலையும் இதனுடையது.

பழைய காகிதக் கூம்பு ஒலிபெருக்கிகளில் இது தகட்டில் வெட்டிய, கால் கால்களாக நீளும் துண்டு. அதனால்தான் ஸ்பைடர். இப்போது கால் ஏது? சிலந்தி வேண்டாம். தாங்கி என்றால் பேரிங். தணிப்பான் என்பது ஜப்பானியர் இதை டேம்பர் என்று சொல்வதிலிருந்து வந்திருக்க வேண்டும். இது அசைவைத் தணிப்பது கொஞ்சம்தான். தணிப்பில் பெரும்பங்கு சுருளில் எதிர்த்துப் பிறக்கும் மின்னழுத்தத்தினுடையது.

நான் முன்வைப்பது நடுப்பிடி. கூம்பின் வெளி விளிம்பில் இருக்கும் ஃபோம் வளையம் ஓரப்பிடி. இரண்டும் சேர்த்துப் பிடிகள், ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன். அதை ஒரு பட்டியலில் 'தொங்கல்' என்று பார்த்தேன். எதுவும் அங்கே தொங்கவில்லை.

---

> நான் முன்வைப்பது நடுப்பிடி.

ஐயா, பட்டறையில் இது உதைக்கும். "காயில் பிடிக்குது" என்றால் சுருள் காந்த இடைவெளியில் உரசுகிறது என்று அர்த்தம். பாதி நேரம் அதற்குக் காரணமே ஸ்பைடர்தான். அப்புறம் 'நடுப்பிடி விட்டதால் பிடிக்கிறது' என்று எழுத வேண்டி வரும்.

எந்தச் சொல் வந்தாலும் கீழே உள்ள பத்தியில் போட்டுப் பாருங்கள். அங்கே நின்றால் நிற்கட்டும்.

ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைக்கவும். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டினால் சுருள் அறுபடவில்லை. அடுத்து, கூம்பின் நடுவே உள்ள தூசுமூடியைச் சுற்றி எதிரெதிராக நான்கு விரல் வைத்துச் சமமாக அழுத்தவும். சரசரவென்று கேட்டால் உரசல். (ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும். இதைத் தெரியாமல் எத்தனையோ ஸ்பீக்கரைப் பிரித்துவிடுகிறார்கள்.) அழுத்தியபடியே சட்டகத்தின் சந்து வழியாக ஸ்பைடரின் வெளி ஓரத்தைப் பார்க்கவும். ஒட்டு விட்ட இடம் மட்டும் சட்டகத்திலிருந்து எழும்பும்.

ஒட்டுவதற்கு முன் சுருளை நடுவில் நிறுத்த வேண்டும். தூசுமூடியை பிளேடால் அறுத்தெடுத்து, பாபினுக்கும் அதன் உள்ளே நிற்கும் காந்தத்தின் நடுத்துருவத்துக்கும் இடையே பழைய எக்ஸ்ரே பிலிம் பட்டைகள் நான்கைச் சம இடைவெளியில் செருகவும். பிலிம் சுமார் 0.2 மி.மீ. தடிமன். லொடலொடத்தால் இரண்டடுக்கு வைக்கவும். திணிக்கக் கூடாது, பாபின் உப்பிவிடும். பழைய பசையைச் சுரண்டி, ரப்பர் பசை தடவி, சுற்றிலும் சமமாக அழுத்தி 24 மணி நேரம் விடவும். பட்டையை உருவிய பிறகு விரல் சோதனை, அதன் பிறகே தூசுமூடி. ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம். துணிக்குள் ஊறிக் கல்லாகிவிடும். அந்த மடிப்பு அசையாது, ஓரத்தில் விரிசல் விடும்.

புது ஸ்பைடர் வாங்கினால் மூன்று அளவு: பாபினின் வெளிவிட்டம், சட்டகத்தில் ஒட்டும் விட்டம், தட்டையா கிண்ண வடிவமா என்பதற்கான உயரம். உயரத்தில்தான் ஏமாறுவார்கள். உயரம் தப்பினால் சுருள் இடைவெளியின் நடுவில் நிற்காமல் முன்னோ பின்னோ தள்ளி நிற்கும், பேஸ் ஏற்றியதும் சத்தம் சிதையும்.

---

பத்தி நல்ல உரைகல்.

சேர்க்க ஒன்று. கூம்பு என்ற சொல்லும் பாதுகாப்பானதல்ல. 'கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை' என்று நாளிதழ்களில் வருவது கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர். நாம் சொல்வது காகிதக் கூம்பு. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்பைடர் அடிப்படையில் ஒரு ஸ்பிரிங். பாடநூலில் ஸ்பிரிங் சுருள்வில். ஆகவே நடு + வில், 'நடுவில்'.

---

> ஆகவே நடு + வில், 'நடுவில்'.

'நடுவில் கிழிந்துவிட்டது' என்று ஒருவர் எழுதினால் கிழிந்தது ஸ்பைடரா, கூம்பின் நடுப்பகுதியா? சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஆனால் வில் சரியான பாதை. சுருளால் ஆன வில் சுருள்வில் என்றால், மடிப்பால் ஆன வில் மடிப்புவில். நீட்சி முழுவதும் அந்த மடிப்புகளிலிருந்துதான் வருகிறது. பத்தியில் போட்டேன்: 'மடிப்புவில்லின் வெளி ஓரத்தைப் பார்க்கவும்', 'புது மடிப்புவில் வாங்கினால் மூன்று அளவு'. இடறவில்லை. பெரிய வூஃபரை வருடக்கணக்கில் மல்லாக்க வைத்தால் கூம்பின் எடையில் 'மடிப்புவில் தளர்ந்துவிடும்' என்பதும் இயல்பாக இருக்கிறது. பிடி தளர்வதைவிட வில் தளர்வது காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

நடு என்பது போய்விட்டதே என்று கேட்கலாம். சுருள்வில்லும் எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை.

---

மடிப்புவில் எனக்குச் சம்மதம். நடுப்பிடியைத் திரும்பப் பெறுகிறேன், கூடவே ஓரப்பிடியையும். அது வெறும் விளிம்பு வளையமாகவே இருக்கட்டும்.

அடுத்தது டின்செல் வயர், முனையத்திலிருந்து கூம்புக்குப் போகும் வளைகம்பி. நூலின் மேல் மெல்லிய செம்புத் தகட்டுநாடாவைச் சுற்றியது. பட்டுநூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றினால் சரிகை, அதனால் சரிகைக்கம்பி என்று குறித்திருக்கிறேன். பற்றவைக்கும்போது ஈயம் சரிகைக்குள் ஏறி அரை அங்குலம் விறைத்துவிட்டால், விறைப்பு முடியும் இடத்திலேயே ஒடியும். கம்பியை முனையத்துக்கு ஒட்டினாற்போல மூக்குக் குறடால் கவ்வி, ஈயம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்க வேண்டும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.