'தே கியெரோ'வுக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது?

உளிக்கடை, முத்தியால்பேட்டை:
பெயர்ப்பலகை செதுக்குகிறேன். ஆரோவில்லில் தங்கியிருக்கும் கொலம்பியாக்காரர் ஒருவர் தேக்குப் பலகை கொண்டுவந்தார். கட்டிக்கொள்ளப் போகிற பெண் நம்ம லாஸ்பேட்டை. மேலே ஸ்பானிஷ் வரி, கீழே அதற்கு ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, "நீங்களே யாரையாவது கேட்டுப் போடுங்கள்" என்று போய்விட்டார்.

வரி: 'தே கியெரோ, மி விதா'. அவர் வாயில் 'மி பிதா' என்றுதான் விழுந்தது. பெண் வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு, ஏதோ ஜெபம் என்று நினைத்துவிட்டேன். விதா என்றால் வாழ்க்கை, உயிராம். அது சரி, அகராதியில் கியெரோவுக்கு முதல் பொருளே 'வேண்டும்'. அப்போ 'ஐ வான்ட் யூ'வா? கூடத்தில் மாட்டினால் பெண்ணின் பெரியப்பா படிப்பாரே! பேனா என்றால் அடித்து எழுதலாம். உளி தப்பினால் பலகையே போச்சு.

கடலூர் ஓ.டி.:
அண்ணே, 'வான்ட்' போட்டுடாதீங்க. கப்பலில் சமையல்கட்டில் இருந்தேன், கூட கொலம்பியா பையன்கள். போனை வைக்கும்போது அம்மாவிடமும் 'தே கியெரோ', பிள்ளையிடமும் 'தே கியெரோ', காதலியிடமும் அதேதான். 'தே ஆமோ' என்றால் இன்னும் கனம். ஸ்பெயினில் புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயே 'தே கியெரோ' போதும். ஆங்கிலத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் 'ஐ லவ் யூ'தான்.

பிரெஞ்சு வாத்தியார் (ஓய்வு):
தம்பி சொன்னது சரி. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குத் 'தேடுவது' என்று பொருள். "பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது" என்கிறோமே, அந்தத் தேடல். 'வேண்டும்' என்பதிலும் தப்பில்லை. "அவர் எனக்கு ரொம்ப வேண்டியவர்" என்றால் நமக்கு யாரும் முகம் சுளிப்பதில்லையே. ஆங்கில 'வான்ட்'டுக்குத்தான் அந்த மரியாதை இல்லை. பிரெஞ்சில் வேறு கூத்து: 'ழ தேம்' என்றால் காதல், பின்னால் 'பியான்' என்று ஒரு சொல் சேர்த்தால் வெறும் பிடிக்கும்! 'மை லைஃப்' என்று கொஞ்சுவது ஆங்கிலத்தில் வழக்கமில்லை, 'டார்லிங்' என்பார்கள். ஆனால் படிக்கப்போவது தமிழ்ப்பெண், அவளுக்கு அது 'என் உயிரே' என்றுதான் கேட்கும். அப்படியே விடுங்கள்.

உளிக்கடை:
நன்றி ஐயா, தம்பி. இப்போதுதான் கட்டம் போட்டு எண்ணினேன். ஸ்பானிஷில் முன்பாதி 8 எழுத்து, பின்பாதி 6. 'ஐ லவ் யூ, மை லைஃப்' ஆங்கிலத்தில் எழுதினாலும் 8, 6! ஒன்றின் கீழ் ஒன்று அப்படியே உட்காருகிறது. 'டார்லிங்' என்றால் ஒரு எழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து பார்த்து, சரி என்றதும் உளி.