புதுப்பிப்பு: பலவகை எரிபொருள் அடுப்பு, மண்ணெண்ணெய்க் கரிக்குத் தீர்வு

முதுகுப்பையில் தூக்கிப் போக, கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றிலும் எரிகிற, விலை குறைந்த அடுப்பு எது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பழைய அடுப்பை வாங்கி வாஷர்களை மாற்றுங்கள்" என்ற யோசனைப்படியே செய்தேன். பம்ப்பின் தோல் வாஷர் காய்ந்து விறைத்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் நீவியதும் இளகிக் காற்றுப் பிடித்தது. ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டதும் கசிவு நின்றுவிட்டது.

பெட்ரோலில் சிக்கலே இல்லை. மண்ணெண்ணெயில்தான் மஞ்சள் சுடர், பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. நிப்பிளை (எரிபொருள் பீய்ச்சி வரும் சிறு துளையுள்ள முனை) மாற்றச் சொன்னவர் சொன்னதே சரி. என் அடுப்பில் கேஸுக்கு 0.45 மி.மீ., பெட்ரோலுக்கு 0.37, மண்ணெண்ணெய்க்கு 0.28 துளை. சின்னதைப் போட்டதும் நீலமாக எரிந்தது. பர்னரைச் சூடேற்ற மண்ணெண்ணெய்க்குப் பதில் ஸ்பிரிட் ஊற்றுங்கள். தொடக்கத்தில் வரும் புகையும் போய்விடும். இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எதிர்பாராத இன்னொன்று: கடுங்குளிரில் கேஸ் குப்பியின் அழுத்தம் குறைந்து சுடர் சோர்ந்தது. குப்பியில் உள்ள பியூட்டேன் வாயு சுமார் 0 டிகிரிக்குக் கீழே சரியாக ஆவியாகாது. குப்பியைத் தலைகீழாகத் திருப்பியதும் திரவமாகவே வந்து நன்றாக எரிந்தது. ஆனால் எரிபொருளை முன்சூடாக்கும் குழாய் உள்ள அடுப்பில் மட்டுமே இப்படிச் செய்யலாம். மற்றவற்றில் தீ குப்பென்று எழும்.

அப்புறம், எரிபொருள் பாட்டிலை முழுக்க நிரப்பாதீர்கள். பம்ப் அடிக்கக் காற்றுக்கு இடம் வேண்டும்.