70 புள்ளி எடுத்தால் சித்தியா? தரம் 5 புலமைப்பரிசில் பதாகை

பனங்கூடல்:
எங்கள் சந்தியில் ஒரு ஆரம்பப் பாடசாலை பதாகை கட்டியிருக்கிறது: ‘தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் 100 வீத சித்தி’. நேற்று இங்கே ஒருவர் அதைப் படமெடுத்துப் போட்டு, ஊருக்கே பெருமை என்று எழுதியிருந்தார். விசாரித்துப் பார்த்தேன். தோற்றிய பிள்ளைகள் 31 பேர். புலமைப்பரிசிலுக்குத் தெரிவாக எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் 4 பேர்தான். மற்ற 27 பேரும் 70க்கு மேல். 200க்கு 70! இதற்குப் பெயர் சித்தியா?

யாழ்_தகப்பன்:
படம் போட்டது நான்தான். அந்த 27 பேரில் என் மகளும் ஒருத்தி. 112 எடுத்தவள். 70க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை வீதம் என்று பரீட்சைத் திணைக்களமே ஒவ்வொரு வருடமும் பெறுபேற்றோடு சொல்கிறது. அது கணக்கில்லை என்றால் ஏன் சொல்ல வேண்டும்?

பனங்கூடல்:
வீதம் சொன்னால் சித்தி ஆகிவிடுமா தம்பி? இந்தப் பரீட்சையால் கிடைப்பது இரண்டு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதக் காசு. 750 ரூபாவாக இருந்ததை 2025 பாதீட்டில் 1,500 ஆக்கினார்கள். மற்றது, தரம் 6இல் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம். 70 எடுத்த பிள்ளைக்குக் காசும் இல்லை, இடமும் இல்லை. பிறகு எதில் சித்தி? 28 வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் கேட்கிறேன்.

வன்னி_ரீச்சர்:
நான் தரம் 5 வரை மட்டும் உள்ள பாடசாலையில் படிப்பிக்கிறேன். வகுப்பில் 9 பிள்ளைகள். இருவர் தரம் 3 வரைக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்க மாட்டார்கள். முதலாம் தாளில் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். கேள்வியை வாசித்து முடிக்கவே அவர்களுக்கு நேரம் போதாது. அந்த இருவரில் ஒருத்தி இந்தமுறை 74. அவள் தாய் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அதைச் சித்தி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பனங்கூடல்:
ரீச்சர், உங்கள் உழைப்பில் எனக்கு மதிப்பு உண்டு. 74 அந்தப் பிள்ளைக்குப் பெரிது. ஆனால் பதாகையில் ‘74’ என்று எழுதவில்லையே? ‘சித்தி’ என்றுதானே எழுதியிருக்கிறது?

கொழும்பு_காகம்:
யாழ்ப்பாணத்தவர்களுக்குப் பதாகை ஒரு வியாதி. தரம் 3இலேயே ரியூசன், ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன், கடைசியில் கட்டவுட்.

யாழ்_தகப்பன்:
கொழும்பில் ரியூசன் இல்லையா? 2024 செப்டெம்பரில் முதலாம் தாளில் 3 கேள்வி முன்கூட்டியே வெளியானது யாழ்ப்பாணத்தாலா? அந்த வழக்கில் டிசெம்பர் 31இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை நாடு முழுக்கப் பிள்ளைகள் பெறுபேறு தெரியாமல் இருந்தார்கள்.

கொழும்பு_காகம்:
அந்த 3 கேள்விக்கும் எல்லாருக்கும் புள்ளி கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும்தான் கிடைத்தது. அப்போது வாய் திறந்தீர்களா?

பனங்கூடல்:
3 கேள்வியை விடுங்கள். நான் கேட்டது 70.

தேயிலைத்தாய்:
ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. தோற்றியவர்கள் 31 என்கிறீர்களே, வகுப்பில் எத்தனை பேர்? எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் என் மகனை அனுப்ப வேண்டாம், பரீட்சை கட்டாயம் இல்லைத்தானே என்று வகுப்பு சேர் சொன்னார். அவனைப் போல 5 பேர். பரீட்சை அன்று வீட்டில் இருந்தார்கள். அந்தப் பாடசாலையும் 100 வீதம் என்று பதாகை கட்டியது. மகன் அதைக் கடந்துதான் தினமும் பள்ளிக்குப் போனான்.

வன்னி_ரீச்சர்:
இது பெரிய அநியாயம் அக்கா. வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதினீர்களா?

பனங்கூடல்:
பாருங்கள், அதற்கும் காரணம் அந்த 70தான். அதைச் சித்தி என்று ஊரே ஏற்றுக்கொண்டதால்தான் பிள்ளையை ஒதுக்கி வீதம் காட்டுகிறார்கள். வெட்டுப்புள்ளியை எழுதச் சொல்லுங்கள், எவன் 100 என்று எழுதுவான்?

யாழ்_தகப்பன்:
எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளையையும் நிறுத்தவில்லை. அதிபரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். போன வருடம் குளக்கட்டு விஷயத்திலும் இப்படித்தான் பாதி தெரிந்துகொண்டு ஊரைக் குழப்பினீர்கள்.

பனங்கூடல்:
குளக்கட்டில் நான் சொன்னதுதான் நடந்தது! மழைக்கு உடைந்ததா இல்லையா?

யாழ்_தகப்பன்:
உடையவில்லை. கசிந்தது.

பனங்கூடல்:
கசிந்ததை உடையவில்லை என்பவருக்கு 70 சித்தியாகத்தான் தெரியும். இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கரா காலத்தில் இந்தப் பரீட்சை எதற்கு வந்தது? கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளை, காசில்லாவிட்டாலும் மத்திய மகா வித்தியாலயத்தில் போய்ப் படிக்கட்டும் என்று. அது பிள்ளையைத் தெரிவு செய்கிற பரீட்சை. தெரிவுப் பரீட்சையில் தெரிவானவர், தெரிவாகாதவர் என்று இரண்டே பேர்தான்.

வன்னி_ரீச்சர்:
அப்படியென்றால் பத்து வயதில் பெரும்பாலான பிள்ளைகளைத் தோற்றவர்கள் என்கிறீர்களா சேர்? வருடத்துக்கு 3 இலட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

பனங்கூடல்:
தோற்றவர்கள் என்று நான் எங்கே எழுதினேன்? சித்தி இல்லை என்றேன்.

தேயிலைத்தாய்:
பணிமனைக்கு எழுதினேன் ரீச்சர். பதில் இல்லை.

கொழும்பு_காகம்:
இலட்சம், கோடி எல்லாம் சரி, அந்தப் பதாகைக்கு யார் காசு? அபிவிருத்திச் சங்கமா?

யாழ்_தகப்பன்:
பெற்றோர் சேர்ந்து போட்டோம். உங்களிடம் கேட்கவில்லை. பனங்கூடல் அண்ணை, பதாகையைக் கழற்ற மாட்டோம். இஷ்டமென்றால் 112 எடுத்தவளிடம் வந்து நேரே சொல்லுங்கள். வீடு தெரியும்தானே.

பனங்கூடல்:
பிள்ளையிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்? அவள் பதாகை எழுதவில்லை. எழுதின உங்களிடம்தான் கேட்கிறேன், ஐந்தாவது தடவையாக: 200க்கு 70 சித்தியா?