மறு: 'இன்ஃபினிட் ஸ்க்ரோல்' தமிழில் – உருட்டல் வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். கைப்பேசியில் கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்துக்கு, நம் துண்டறிக்கைக்காகத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'முடிவிலா உருட்டல்' போதாதா? சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது.

அதுதான் சிக்கல், ஐயா. 'உருட்டு' என்றாலே இப்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். கதை அளப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. அதைக்கூட விட்டுவிடலாம். உருட்டுவது யார்? என் விரல். அந்தப் பெயரை வைத்தால் பழியும் விரலோடு நின்றுவிடும்.

நேற்று செம்பவாங்கில் எம்ஆர்டி ரயில் ஏறினேன். ஈசூனில் இறங்க வேண்டும், இரண்டே நிறுத்தம். பழைய ரேடியோவைப் பழுதுபார்க்கும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன். அது முடியுமுன்பே அடுத்ததன் தலை கீழே எட்டிப் பார்த்தது. நிமிர்ந்தபோது ஈசூனைத் தாண்டி, கதவு ஈயோ சூ காங்கில் திறந்துகொண்டிருந்தது. வயது ஐம்பத்தாறு. இனி மகளைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை?

நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தேடுபொறியில் பத்து விடை முடிந்ததும் 'அடுத்த பக்கம்' என்ற பொத்தான் இருந்தது. விரல் அங்கே தயங்கும் நொடியில்தான் 'போதும்' என்ற நினைப்பு வரும். 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த இடத்தையே எடுத்துவிட்டார். பக்கத்தின் அடியை நெருங்குமுன் அடுத்த கட்டு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். சொடுக்கும் வேலையை மிச்சப்படுத்தத்தான் செய்தார், பின்னாளில் வருந்தியும் பேசியிருக்கிறார். ஆனாலும் அது ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. பெயரில் அது தெரிய வேண்டும்.

என் பரிந்துரை: 'அடியறுத்த பக்கம்'.

> 'அடியற்ற பக்கம்' மென்மையாக இருக்குமே?

'அற்ற' என்றால் இயல்பிலேயே இல்லை என்றாகிவிடும், வானத்துக்குக் கூரை இல்லாததுபோல. 'அறுத்த' என்றால் இருந்ததை யாரோ அறுத்திருக்கிறார்கள். தன்வினை, பிறவினை என்று தமிழ் கையில் கொடுத்திருப்பதை விடுவானேன்? 'அடியறு பக்கம்' என்று வினைத்தொகையாக்கினால் கச்சிதம்தான். ஆனால் அற்றதா, அறுத்ததா என்பது அதற்குள் ஒளிந்துகொள்ளும். ('கரையிலாத் திரை' என்று எழுதியவருக்கு ஒரு சபாஷ். அதைக் கவியரங்கத்துக்கு வைத்துக்கொள்வோம்.)

சமூக மன்றத்தில் பெற்றோருக்குக் கொடுக்கும் மனநலத் துண்டறிக்கைக்குத்தானே இந்தச் சொல். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டி, 7 முதல் 12 வயதுவரை, பள்ளி வேலை நீங்கலாக, திரை பார்ப்பது நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் என்கிறது. சரி, மணிக்கணக்கு பெற்றோர் கையில். அடியே இல்லாத பக்கத்தில் எங்கே நிறுத்துவது என்று பிள்ளைக்கு எது சொல்லும்? 'உருட்டல்' என்று அச்சிட்டால், 'பார், நீதான் ஓயாமல் உருட்டுகிறாய்' என்றே வீட்டில் வாசிப்பார்கள். இரவு தூக்கம் கெட்டு, காலையில் எரிந்துவிழும் பிள்ளைக்கு அந்தத் திட்டும் சேரும்.

ஒரு தயக்கம். 'அறுத்த' என்றதும் என் மனைவிக்குத் தேக்கா சந்தை மீன்கடைதான் நினைவுக்கு வருகிறதாம். 'அடி நீக்கிய பக்கம்' என்றால் அவருக்கு முழுச் சம்மதம், எனக்குப் பாதி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் எழுதுங்கள்.