ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி தயாரிப்பு நின்னு போச்சு. வச்சு ஓட்டலாமா, எலக்ட்ரிக்குக்கு மாத்தலாமா?

சத்துவாச்சாரி_ஜிடி:

வணக்கம். வண்டி 2021 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 6 கியர் ஆட்டோமேட்டிக். 58,000 கி.மீ. ஆகியிருக்கு. தினம் வேலூர் சத்துவாச்சாரி – ராணிப்பேட்டை, மாசம் ரெண்டு தடவை பெங்களூரு, எப்பவாவது ஏலகிரி. கம்பெனிக்காரங்க எல்லாம் எலக்ட்ரிக்குக்குப் போறதால இந்த மாதிரி வண்டியை நிறுத்திட்டாங்க, இனிமே ஸ்பேர் கிடைக்காது, இப்பவே தள்ளிவிடுன்னு எல்லாரும் சொல்றாங்க. கேட்க வேண்டியது மூணு.

எந்த ஸ்பேரை இப்பவே வாங்கி வைக்கணும்? இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இந்த இன்ஜினை என்ன பண்ணும்? இதைக் கொடுத்துட்டு மஹிந்திராவோட எலக்ட்ரிக் எஸ்யூவி பிஇ 6 எடுத்தா பெங்களூரு ஓட்டத்துக்குச் சரிப்படுமா?

காட்பாடி_ஸ்பேனர்:

முதல்ல ஒரு திருத்தம். இந்தியாவுல போலோவை 2022-ல நிறுத்தினதுக்குக் காரணம் எலக்ட்ரிக் இல்ல. அடுத்த தலைமுறை போலோ 4,053 மி.மீ. நீளம். நம்ம ஊர் வரிக் கணக்குல 4 மீட்டரைத் தாண்டினா சின்ன கார் சலுகை போயிடும். அதுக்குள்ள மக்கள் எல்லாம் எஸ்யூவி பக்கம் போயாச்சு. சாக்கன் தொழிற்சாலையில அதே இடத்துல அதே கம்பெனியோட டைகுனும் விர்டஸும் வந்துடுச்சு. எலக்ட்ரிக்குக்காக நிறுத்தினதுன்னா ஐரோப்பாவுல ஹூண்டாய் ஐ20 என், ஐ30 என் ரெண்டையும் 2024-ல நிறுத்தினாங்களே, அது. (இருங்காட்டுக்கோட்டையில செய்யற ஐ20 என் லைனை அதோட குழப்பிக்காதீங்க. ஐரோப்பா ஐ20 என் 204 குதிரைசக்தி, இந்த என் லைன் 120.)

இந்தத் திருத்தத்துல உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கு. உங்க இன்ஜின் குடும்பம் சாகல. விர்டஸ், டைகுன்ல இருக்கிற 1.0 டிஎஸ்ஐயும் இதே இஏ211 வகைதான். அதனால இக்னிஷன் காயில், பிளக், ஃபில்டர், சென்சார் இதுக்கெல்லாம் இப்ப பயப்பட வேண்டாம். பிரேக், சஸ்பென்ஷன் சாமான்ல பெரும்பாலானது ஃபோக்ஸ்வேகன் வென்டோ, ஸ்கோடா ரேபிட் கார்களோட ஒத்துப்போகும். எதை வாங்கினாலும் ஆர்.சி.யில இருக்கிற சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுத்துட்டு வாங்குங்க. நம்பர் முடிவுல வர்ற எழுத்து மாறியிருந்தா அது திருத்தின பதிப்பு. அது பழசுக்குப் பதிலா போடக்கூடியதான்னு கவுண்டர்ல கேட்டுக்கிட்டாப் போதும்.

கிடைக்காமப் போறது பாடி சாமான்தான். 2019 கடைசியில மாறின முகம் உங்களோடது. அந்த முன் பம்பர், கிரில், ஹெட்லைட் ஜோடி, டெயில் லைட், கண்ணாடிக் கூடு, வீல் ஆர்ச் உள்ள வர்ற பிளாஸ்டிக், இன்ஜினுக்குக் கீழ இருக்கிற தட்டு, இதெல்லாம் போலோவுக்கே உரியது. புதுசு கிடைச்சா எடுத்து வைங்க. இல்லன்னா சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள்ல நல்ல பழசு. ஹெட்லைட் பழசு வாங்கும்போது கிளிப் காது மூணும் உடையாம இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க. அங்கதான் ஒட்டி ஏமாத்துவாங்க. ரப்பர் புஷ், பெல்ட், ஹோஸ், பேட்டரி இதை எல்லாம் வாங்கிப் பரண்ல போடாதீங்க. ஓடாமலே கெட்டுப்போற சாமான்.

இந்த இன்ஜின்ல கண்ணு வைக்க வேண்டியது வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒண்ணா இருக்கிற பிளாஸ்டிக் கூடு. கியர்பாக்ஸ் பக்கம், தனி சின்ன பெல்ட்ல ஓடும். சூடும் குளிரும் மாறி மாறி வரவர சீல் வழியா கசியும். சொட்டு தரையில விழாது, கூட்டு விளிம்புல இளஞ்சிவப்பாக் காய்ஞ்சு பொரிஞ்சு நிக்கும். மாசம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. கூலன்ட் குறைஞ்சா நம்ம ஊர் போர் தண்ணியை மட்டும் ஊத்தாதீங்க. அந்த உப்பு அலுமினியத்தை அரிச்சுடும். அதே வகை கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. பச்சைக் கூலன்ட்டைக் கலக்கவே கூடாது.

ஆர்.சி. 2036 வரைக்கும் இருக்கு. அப்புறம் எஃப்.சி. காட்டி அஞ்சு அஞ்சு வருஷமாப் புதுப்பிச்சுக்கலாம். 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டிக்கு டெல்லி வட்டாரத்துல வந்த தடை இங்க இல்ல.

ஆரணி_ஆக்டேன்:

இ20 பத்தி மட்டும் சொல்றேன். எத்தனால்ல லிட்டருக்கு 21 மெகாஜூல், பெட்ரோல்ல 32. இ10-லிருந்து இ20-க்கு வந்தா டேங்க்ல இருக்கிற சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும். மைலேஜ் அதைவிட ரொம்பக் குறைஞ்சா பெட்ரோலைத் திட்டாதீங்க, டயர் காத்தையும் பிளக்கையும் பாருங்க. ஆக்டேன் ஏறியிருக்கு, டர்போ இன்ஜினுக்கு நாக்கிங் (எரிபொருள் முறை தவறி எரிஞ்சு இன்ஜின் தட்டுறது) விஷயத்துல அது நல்லதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும்கிறதுதான் தொல்லை. மாசக்கணக்குல நிறுத்தி வைக்கிற வண்டியில அரை டேங்க் விட்டு வைக்காதீங்க. தினம் ராணிப்பேட்டை ஓட்டம்னா அந்தக் கவலை இல்ல. பழைய ரப்பர் ஹோஸ், சீல் இறுகிக் கசியலாம். ஒவ்வொரு சர்வீஸ்லயும் பெட்ரோல் வாடை வருதான்னு பானெட்டைத் திறந்து மோந்து பாருங்க.

இன்னொண்ணு, இது டைரக்ட் இன்ஜெக்ஷன். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போறதால இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்ல, கரி படியும். காலையில ஸ்டார்ட் பண்ணதும் உதறல், மிஸ்ஃபயர் கோடு வந்தா அதுவா இருக்கலாம். டேங்க்ல ஊத்துற கிளீனர் அந்த வால்வைத் தொடவே தொடாது, காசு தண்டம். இன்டேக் மேனிஃபோல்டைக் (காத்து உள்ள போற குழாய்) கழட்டி, அந்தந்த சிலிண்டரோட வால்வு மூடியிருக்கிற நிலையில கிராங்கை நிறுத்தி, வால்நட் தூள் அடிச்சு எடுக்கணும். மூடும்போது கேஸ்கெட் புதுசு போடச் சொல்லுங்க.

கோட்டை_வோல்ட்:

மூணாவது கேள்விக்கு. பிஇ 6-ல 79 யூனிட் பேட்டரி, 286 குதிரை. 0-100 6.7 நொடின்னு கம்பெனி சொல்லுது. நேர் ரோட்டுல உங்க போலோ பக்கத்துலகூட வராது. ஆனா கிட்டத்தட்ட ரெண்டு டன். ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவுல 1.1 டன் வண்டி திரும்புற மாதிரி அது திரும்பாது.

பெங்களூரு 210 கி.மீ. மணிக்கு 100 கி.மீ. வேகத்துல போனா யூனிட்டுக்கு 6 கி.மீ., அதாவது 35 யூனிட். பெங்களூரு நம்ம ஊரைவிட 700 மீட்டர் உசரம். ரெண்டு டன்னை அந்த உசரம் தூக்க இன்னும் 4 யூனிட். போக 39, வர ஏறக்குறைய 32. ஒரே சார்ஜுல போய் வர்றது விளிம்புல நிக்கிற கணக்கு. ஏசி, மழை, எதிர்காத்து எது சேர்ந்தாலும் நடுவுல நிக்கணும். 60 கிலோவாட் சார்ஜர்ல 20-லிருந்து 80 சதவீதம் ஏத்த 50 நிமிஷம் ஆகும். இதே பிஇ 6-ல சின்ன 59 யூனிட் பேட்டரி வண்டின்னா பெங்களூருலயே ஏத்திட்டுத்தான் கிளம்பணும். ஏலகிரி மேல ராத்திரி தங்கினா 100 சதவீதம் வரை ஏத்தாதீங்க. நிறைஞ்ச பேட்டரி ரீஜெனை (வேகம் குறையும்போது மோட்டார் திருப்பி ஏத்துற சார்ஜ்) வாங்காது, இறக்கம் முழுக்க பிரேக் மேலதான் வரும். 85 போதும்.

யாரும் சொல்லாத செலவு வீட்டுக் கரண்ட் பில். மாசம் 1,200 கி.மீ.ன்னா 200 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 400. வீட்டுச் செலவோட சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினா 101-லிருந்து 200 வரைக்குமான குறைஞ்ச ரேட்டும் போயிடும். தாண்டின யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல்னு நினைச்சுக் கணக்குப் போடாதீங்க. 15 ஆம்பியர் பிளக்ல 59 யூனிட் நிறைய 20 மணி நேரம். 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டி மாட்டணும்னா மின்வாரியத்துல லோடு ஏத்தி வாங்கின பிறகு மாட்டுங்க.

வரியில புது எலக்ட்ரிக்குக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, பெரிய பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பர்லிருந்து 40. புதுசு எடுக்கிறவருக்கு அது பெரிய வித்தியாசம். கடன் முடிஞ்ச போலோவுக்கு எதிரா வச்சுப் பார்த்தா ஒண்ணுமில்ல.

சத்துவாச்சாரி_ஜிடி:

ரொம்ப நன்றி. அப்ப வச்சுக்கறேன். கியர் ஆயில் மட்டும் சந்தேகம். ஒரு இடத்துல ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு சொல்றாங்க. இன்னொரு இடத்துல மெஷின் வச்சு ஃப்ளஷ் பண்ணிடலாம்கிறாங்க.

காட்பாடி_ஸ்பேனர்:

ரெண்டும் வேண்டாம் தம்பி. நம்ம வெயிலுக்கு 60,000-ல மாத்திடுங்க. மெஷின் அழுத்தத்துல அடியில கிடக்கிற தூள் கிளம்பி கியர் மாத்துற வால்வ் பாடியில போய் உட்காரும், அப்புறம் 2-வது கியர்லிருந்து 3-க்கு மாறும்போது உதைக்கும். உள்ள மொத்தம் 7 லிட்டர், கழட்டினா மூணு மூணரைதான் வரும். எவ்வளவு வந்துச்சுன்னு அளந்து அதே அளவு ஊத்தி, 1,000 கி.மீ. ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவை. இதுல டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) கிடையாது. டிரெய்ன் போல்ட்டுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய் நிக்கும், அதையும் அறுகோண சாவியால கழட்டினாத்தான் முழுசா வடியும். திரும்ப மாட்ட மறந்தா ஊத்தின ஆயில் எல்லாம் கீழ.

அளவு பார்க்கிறது இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போது, லிப்ட்ல வண்டி சமமா நிக்கும்போது. லீவரை எல்லா நிலைக்கும் ஒரு தடவை கொண்டு போகணும். ஸ்கேனர்ல ஆயில் சூடு 35-லிருந்து 45 டிகிரிக்குள்ள இருக்கும்போது போல்ட்டைத் திறந்தா குழாய் வழியா மெலிசா ஒழுகி, சொட்டா மாறும். அப்ப புது வாஷரோட மூடிடணும். மே மாசம் மத்தியானம் போனீங்கன்னா ஷெட்லயே 42 டிகிரி, போல்ட்டைத் தொடறதுக்குள்ள ஆயில் 50-ஐத் தாண்டிடும். சூட்டுல விரிஞ்ச ஆயில் அதிகமா வடிஞ்சு, ஆறின பிறகு அளவு குறைஞ்சு நிக்கும். ராத்திரியே வண்டியை ஷெட்ல விட்டுட்டு காலையில முதல் வேலையாப் பார்க்கச் சொல்லுங்க.